நியூட்ரான் விண்மீனுக்குத் தரை உண்டா?

பூமியிலிருந்து சுமார் 13,000 ஒளியாண்டு தொலைவில், காசியோப்பியா விண்மீன் குழுவில் 4யு 0142+61 என்றொரு நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. இவ்வகை விண்மீன்களின் குறுக்களவு இருபது கிலோமீட்டர்தான். எந்தத் தொலைநோக்கிக்கும் வெறும் புள்ளி. ஆனாலும் அதன் மேற்பரப்பு திடமா, வாயுவா என்று இன்று ஆதாரத்தோடு வாதிட முடிகிறது. அந்த ஆதாரம் எக்ஸ்-கதிர்களின் தளவிளைவு.

கதிர்களின் மின்புலங்கள் கண்டபடி அதிராமல் ஒரே திசையை ஒட்டி அதிர்வதே தளவிளைவு. இந்த விண்மீன் மேக்னட்டார் வகை. காந்தப்புலம் பூமியினுடையதைப் போல நூறு லட்சம் கோடி மடங்குக்கும் மேல். அத்தகைய புலத்தில் எலக்ட்ரான்கள் புலக்கோட்டின் வழியே எளிதில் அசையும், குறுக்கே அசைவது அரிது. அதனால், எந்தப் பொருளிலிருந்து, எந்தப் பக்கம் சாய்ந்த புலத்திலிருந்து கதிர் புறப்பட்டது என்பது அதன் அதிர்விலேயே பதிந்துவிடுகிறது.

ஒரு ஃபோட்டானை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏராளமாகச் சேர்க்க வேண்டும். 1975இல் ஏவப்பட்ட ஓஎஸ்ஓ-8 செயற்கைக்கோள் நண்டு நெபுலாவில் எக்ஸ்-கதிர்த் தளவிளைவை அளந்தது. பிறகு இத்துறை நெடுங்காலம் தேங்கியே கிடந்தது. 2021 டிசம்பரில் நாசாவும் இத்தாலிய விண்வெளி முகமையும் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோளை அனுப்பின. அதன் வாயுக் கலத்தில் ஃபோட்டான் மோதினால் ஓர் எலக்ட்ரான் தெறிக்கும், பெரும்பாலும் மின்புலத் திசையை ஒட்டியே. அந்தத் தடத்தைக் கருவி படம்பிடிக்கிறது. அது பார்ப்பது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. அதற்கு மேல் 30 வரை அளக்க, 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எக்ஸ்போசாட் கிளம்பியது. அதிலுள்ள போலிக்ஸ் கருவி பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் படைப்பு.

4யு 0142+61 விண்மீனை ஐஎக்ஸ்பிஇ அளந்தபோது கிடைத்த முடிவு யாரும் எதிர்பாராதது. குறைந்த ஆற்றலில் தளவிளைவு சுமார் 15 சதவீதம், உயர் ஆற்றலில் 35. இடையில் அதிர்வுத் திசை சரியாக 90 பாகை திரும்பியிருந்தது! வழக்கமான வாயு மண்டலம் இருந்திருந்தால் குறைந்த ஆற்றலிலேயே தளவிளைவு மிக அதிகமாக இருந்திருக்கும். ஆகவே காந்தப்புலம் அணுக்களை இறுக்கித் திடத் தரையாக உறையவைத்திருக்கிறது, உயர் ஆற்றல் கதிர்கள் வெளியே ஓடும் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறியவை என்று ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் டோங் லாய் 2023இல் இதை மறுத்தார். கன அணுக்களாலான வாயு மண்டலம் இருந்தாலும், கதிர்கள் அதைக் கடக்கும்போது ஒருவகை அதிர்விலிருந்து மற்றொன்றுக்கு மாறி இதே திருப்பத்தைத் தரும் என்பது அவர் கணக்கு. 1ஆர்எக்ஸ்எஸ் ஜே1708 என்ற மற்றொரு மேக்னட்டாரிலோ தளவிளைவு 20இலிருந்து 80 சதவீதம் வரை ஏறியது. திசை திரும்பவே இல்லை. எந்த விளக்கமானாலும் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.