மெதுவான இணைப்பும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் இற்றைப்படுத்தலும்

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஒருமுறை நிறுவினாற் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறாகும். இம்மென்பொருள் ஒரு கோப்பைச் சோதிக்கும்போது, அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்கள் அடங்கிய வரைவிலக்கணக் கோப்புடன் அதனை ஒப்பிடுகின்றது. வரைவிலக்கணம் பழையதாயின் புதிய வைரஸ் அகப்படாது தப்பிவிடலாம். ஆகவே அதனை இடைவிடாது இற்றைப்படுத்தல் வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைவிலுள்ள கிளைகளில் இது எளிதன்று. பின்வரும் உதாரணத்தைக் கவனியுங்கள்.

கிளையொன்றில் 20 கணினிகள் உள்ளன. இணைய இணைப்பின் வேகம் செக்கனுக்கு 256 கிலோபிற்று. முழு வரைவிலக்கணக் கோப்பின் அளவு 100 மெகாபைற்று எனக் கொள்வோம். (1 பைற்று = 8 பிற்று)

ஒரு கணினிக்கு எடுக்கும் நேரம் = 100 × 8 × 1000 ÷ 256 = 3125 செக்கன் (ஏறத்தாழ 52 நிமிடம்)

20 கணினிகளும் தனித்தனியே பெறின் = 3125 × 20 = 62 500 செக்கன் (17 மணித்தியாலத்துக்கும் மேல்)

இந்நேரம் முழுவதும் மின்னஞ்சல் முதலிய ஏனைய வேலைகள் தடைப்படும். எரிச்சலடையும் ஊழியர்கள் இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடுவர். உண்மையான ஆபத்து இதுவேயாகும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள்:

1. மாற்றங்களை மாத்திரம் பெறல். முன்னைய பதிப்பிலிருந்து மாறிய பகுதி 1 மெகாபைற்று எனின், 31 செக்கன் அளவில் அது வந்து சேரும். நீண்டகாலம் இற்றைப்படுத்தாத கணினிக்கு முழுக் கோப்பும் மீண்டும் தேவைப்படலாம்.

2. ஒருமுறை பெற்றுப் பகிர்தல். கிளையிலுள்ள ஒரு கணினி மாத்திரம் இணையத்திலிருந்து பதிவிறக்கி, இடத்துரி வலையமைப்பினூடாக மற்றவற்றுக்கு வழங்கும். செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுள்ள வலையமைப்பில் முழுக் கோப்புக்கும் கொள்கையளவில் 8 செக்கன் போதுமானது.

3. நேரத்தை ஒழுங்குசெய்தல். வேலை நேரம் முடிந்தபின் பதிவிறக்கலாம். அவ்வேளையில் நிறுத்தப்பட்டிருந்த கணினி, மறுபடி இயக்கப்பட்டதும் இற்றைப்படுத்துமாறு அமைத்தல் வேண்டும்.

4. பென் டிரைவ் மூலம் கொண்டுசெல்லல். இணைப்பே இல்லாத கணினிக்கு இது உதவும். கோப்பை உற்பத்தி நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே பெறுதலும், பென் டிரைவை முதலிற் சோதித்தலும் அவசியம்.

பிந்தினால் என்ன நேரும் என்பதற்குக் கொன்பிக்கர் என்னும் கணினிப் புழு நல்ல சான்றாகும். விண்டோஸ் பணிசெயல் முறைமையிலிருந்த குறைபாடொன்றுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் 2008 ஒக்டோபர் 23 இல் பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே இப்புழு, திருத்தம் நிறுவப்படாத கணினிகளைத் தாக்கத் தொடங்கியது. அதன் பிந்திய வகை பென் டிரைவ் மூலமும் பரவியது. அத்துடன், தொற்றிய கணினி வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களை அடையாதவாறும் தடுத்தது. அதாவது, தொற்றியபின் மருந்தைத் தேடிச் செல்லும் வழியும் அடைபட்டது. பணிசெயல் முறைமையையும் இற்றைப்படுத்தல் வேண்டும் என்பதையும் இதிலிருந்து அறிக.

நினைவிற் கொள்க: கட்டளை அனுப்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கணினியும் இறுதியாக இற்றைப்படுத்தப்பட்ட திகதியைப் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

பயிற்சி: மேற்கூறிய கிளையின் இணைப்பு வேகம் செக்கனுக்கு 512 கிலோபிற்றாக உயர்ந்தால், 20 கணினிகளும் முழுக் கோப்பைத் தனித்தனியே பெற எவ்வளவு நேரம் எடுக்கும்? வேகத்தை இருமடங்காக்குவதிலும் இரண்டாம் வழியே சிறந்தது என்பதற்குக் காரணம் தருக.

விடை: 31 250 செக்கன் (ஏறத்தாழ 8 மணி 41 நிமிடம்). வேகம் இருமடங்கானால் நேரம் அரைவாசியாகவே குறையும். ஒருமுறை மாத்திரம் பதிவிறக்கினால் இணைய இணைப்பின் சுமை இருபதில் ஒரு பங்காகக் குறையும்.