பழைய காருக்கும் நாடி பார்க்கலாம்!

காய்ச்சல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறோம். அவர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் என்ன கேட்கிறார்? "எப்போதிலிருந்து? பகலில் இருக்கிறதா, ராத்திரியில் ஏறுகிறதா? பால் குடித்தானா? வெளிக்குப் போனானா?" அத்தனைக்கும் தாயிடம் பதில் இருக்கும். அந்தப் பதிலில்தான் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

வீட்டிலிருக்கும் பழைய கார் நடுவழியில் பொசுக்கென்று நின்று போகிறதே, அதற்கும் இதே கதைதான் சகோதரிகளே! எப்போது நின்றது, எப்படி நின்றது என்று சொல்லத் தெரிந்தால் ரிப்பேர் பாதி முடிந்த மாதிரி. சொல்லத் தெரியாவிட்டால், ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார்கள்; பில் மட்டும் வளரும்.

"கார் சமாசாரமெல்லாம் ஆம்பிளைங்க பாடு, நமக்கெதுக்கு?" என்று ஒதுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், தடுப்பூசி, மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி என்று அந்த வண்டியில் அலைவது யார்? நின்றுபோனால் கைக்குழந்தையோடு வெயிலில் காய்வது யார்? நாம்தானே! ஸ்பானர் பிடிக்கத் தெரிய வேண்டாம். கவனித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் சொல்லப்போவது கார்ப்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ன் உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது. பத்மினியும் அம்பாசடரும்கூட இப்போது தயாராவதில்லை. ஆனாலும் பதினைந்து வருஷம் முடிந்தபின் எஃப்.சி. காட்டி, ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஆசை ஆசையாக ஓட்டுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ!

எஞ்சினுக்கு வேண்டியது மூன்றுதான்

பெட்ரோல், காற்று, தீப்பொறி. இந்த மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் கிடைத்தால் எஞ்சின் ஓடும். ஒன்று குறைந்தாலும் நிற்கும்.

பழைய பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா? நிப்பிளில் தூசி அடைத்தால் சுடர் துள்ளித் துள்ளி அணையும். உடனே பின்னை எடுத்துக் குத்துவோம். கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் 'ஜெட்'டும் அதே மாதிரி ஒரு பொடித் துவாரம்தான். அதன் வழியாகப் பெட்ரோல் வந்து காற்றோடு கலக்கிறது. அந்தக் கலவையைப் பற்றவைக்க, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பிளக்குக்குக் கரண்ட் போகிறது. அவ்வளவுதான் விஷயம்!

பெட்ரோலா, கரண்டா?

நல்ல மெக்கானிக் முதலில் தீர்த்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான். பதில், வண்டி நின்ற விதத்தில் இருக்கிறது.

இரண்டு மூன்று தடவை குலுங்கி, இழுக்க முடியாமல் திணறி, மெல்ல மெல்ல உயிரை விட்டதா? பெரும்பாலும் பெட்ரோல் சரியாக வரவில்லை. ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், டாங்கில் அழுக்கு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சுவிட்சைத் தட்டினாற்போல் சட்டென்று அணைந்ததா? அப்படியானால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. அப்போது டாஷ்போர்டில் ஒரு பார்வை பாருங்கள். விளக்குகளும் சேர்ந்து அணைந்திருந்தால் பாட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கலாம், அல்லது சாவி சுவிட்சில் கோளாறு. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்து எஞ்சின் மட்டும் நின்றிருந்தால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், அவற்றின் ஒயர்கள் மேல் சந்தேகம்.

எந்த நேரத்தில் நிற்கிறது?

காலையில் மட்டும்: ஸ்டார்ட் ஆகிறது, உடனே அணைகிறது. சூடானபின் தொந்தரவில்லை. இதற்குச் சோக்கைப் பார்க்க வேண்டும். கேபிள் துருப்பிடித்துச் சோக் விழாமல் இருக்கலாம். சோக் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் நேர்மாறு: கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், சூடானதும் மூச்சு முட்டி நிற்பது.

சிக்னலில் மட்டும்: ஓடும்போது ஜம்மென்று ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது. ஐடிலிங் குறைவாக வைத்திருக்கலாம், அல்லது ஐடிலிங் ஜெட்டில் தூசி. பானெட்டைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று சீறும் சத்தம் கேட்டால், ஏதோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று அதிகமாகப் போகிறது. ஏ.சி. போட்டால் மட்டும் நிற்கிறதென்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

மழையில் மட்டும்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம், அல்லது பிளக் ஒயரில் வெடிப்பு. உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் சாவியே போடக்கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஒரு முறை சுற்றினாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்துப் போவதே மேல்.

சூடானபின் மட்டும்: கால் மணி, அரை மணி ஓடியபின் நிற்கிறது, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. இதுதான் கண்டுபிடிக்கச் சிரமமானது. மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும்! சூட்டில் காயில் கெட்டு, ஆறினால் மறுபடி வேலை செய்வதுண்டு. கோடையில் மலைப்பாதை ஏறும்போது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு. மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பார்கள். பானெட்டைத் திறந்து நிழலில் ஆறவிடுவதுதான் அதற்கு மருந்து.

காட்டிக்கொடுத்த காலண்டர் தாள்

எங்கள் வீட்டு மாருதி 1996 மாடல், மாமனார் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரையிலிருந்து மேலூருக்கு அதில்தான் போவோம். ஒரு கோடையில், ஒத்தக்கடை தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனதும் வண்டி குலுங்கி நிற்க ஆரம்பித்தது. நாலு வழிச் சாலை, பின்னால் லாரிகளின் ஹாரன், மாமியார் மடியில் ஒன்றரை வயது மகள். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஒரு ஒர்க் ஷாப்பில் பாட்டரி மாற்றினார்கள். பிறகு பிளக், கார்ப்பரேட்டர் கிட். பில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் நின்றது! "வித்துடலாம்மா" என்றார் மாமனார், மனசே இல்லாமல்.

நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதிவைக்க ஆரம்பித்தேன். என்ன தேதி, எத்தனை நிமிஷம் ஓடியது, குலுங்கியதா, எத்தனை நிமிஷத்தில் மறுபடி கிளம்பியது, வழியில் என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும். ஐந்து வாரம் ஆனது. நாலு வாரம் நின்றிருக்கிறது. ஒரு வாரம் மட்டும் மேலூர் வரை நிற்கவேயில்லை. அந்தத் தாளில் கூடுதலாக ஒரே ஒரு வரி: 'ஒத்தக்கடையில் பெட்ரோல் போட்டோம்'.

தாள்களைத் தெருமுனையில் தனியாகக் கடை வைத்திருந்த பெரியவரிடம் காட்டினேன். வாங்கிப் படித்தவர், பானெட்டைத் திறக்கவேயில்லை.

"ஏம்மா, டாங்க் மூடி கம்பெனி மூடியா?"

"இல்லண்ணே. பழசு பங்க்கில் தொலைஞ்சுபோச்சு. கடையில வாங்கின பூட்டு மூடி."

"அடுத்த தடவை நின்னா மூடியை மெல்லத் திறங்க. காத்து உள்ளே இழுக்குதான்னு காதை வச்சுக் கேளுங்க. உடனே ஸ்டார்ட் பண்ணுங்க."

அப்படியே செய்தோம். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. ஆறக் காத்திராமல் வண்டி கிளம்பியது!

காரணம் இதுதான்: பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று டாங்குக்குள் வர வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாதே, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுகிறோம் அல்லவா? மூடியில் காற்று வரும் வழி அடைத்திருந்ததால், பம்பினால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை. வழியில் பெட்ரோல் போட மூடியைத் திறந்த அன்று மட்டும் வண்டி பிழைத்துக்கொண்டது. சரியான மூடி முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

எல்லா வண்டியிலும் மூடிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலில் மூடியைத் திறந்தால் சத்தம் வருவது சாதாரணம். நின்ற வண்டி மூடி திறந்ததும் உடனே கிளம்புகிறதா, ஒவ்வொரு தடவையும் அப்படியே நடக்கிறதா என்பதுதான் முக்கியம்.

புதுப் பெட்ரோல், பழைய வண்டி

இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025க்குள் நாடெங்கும் பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால், டாங்கில் பல வருஷமாகப் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களை ஊதவும் வெடிக்கவும் வைக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால், அது எத்தனாலோடு டாங்கின் அடியில் தங்கிவிடும். அப்புறம் எஞ்சின் எப்படி ஓடும்?

ஆகவே, எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய்களாகப் பார்த்து மாற்றுங்கள். ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள், பெரிய செலவில்லை. கார்ப்பரேட்டர் கலவையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவையாவது வண்டியை ஓட்டுங்கள்.

ஓடும்போதே நின்றால்

பதற வேண்டாம். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள், வேகம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுங்குங்கள். எஞ்சின் நின்றால் பிரேக் கல் மாதிரி கனக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனக்கும். பிரேக்கை விட்டு விட்டு அடிக்காமல், ஒரே அழுத்தாகப் பலமாக மிதியுங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவவே கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்! நின்றதும் குழந்தைகளை இடதுபக்கக் கதவு வழியாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

வீட்டில் கவனம்

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைசுற்றலில் தொடங்கி உயிரையே வாங்கிவிடும். காரில் பெட்ரோல் வாசனை வந்தால் ஓட்டாதீர்கள். கசிவை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

டாங்கிலிருந்து இறக்கிய பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"வண்டி நிக்குது, பாருங்க" என்றால் போதாது. இந்த ஐந்தையும் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை நிமிஷம் ஓடியபின் நின்றது? குலுங்கியா, சட்டென்றா? டாஷ்போர்டு விளக்கு எரிந்ததா? வெயிலா, மழையா, ஏ.சி. போட்டிருந்ததா? எவ்வளவு நேரத்தில், என்ன செய்தபின் மறுபடி கிளம்பியது?

2000ஆம் ஆண்டை ஒட்டிக் கார்ப்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. அந்த வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். அங்கேயும் இந்த ஐந்து பதில்கள் உதவும்.

சாமானை மாற்றுவதற்கு முன், "இதுதான் கோளாறு என்று எப்படித் தெரிந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டித் தருவார். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தைக் காருக்கு ஒதுக்கிவிடுங்கள். பேனாவும் அதோடு வண்டியிலேயே இருக்கட்டும்.