சைகையும் பிறப்பும்

இருவர் எதிரெதிரே நின்று உரையாடுங்கால் அவர்தம் நா மட்டும் தொழிற்படுவதில்லை. எத்துணை அணுகி நிற்றல் தகும், மற்றவர் தோளை எப்பொழுது தொடலாம், கையை எவ்வளவு வீசலாம் என்பனவெல்லாம் ஒரு முறைமைக்கு உட்பட்டே நிகழ்கின்றன. அம்முறைமையைக் கைக்கொள்வோர் அஃது உண்டென்பதையே அறியார். பிறர் ஒருவர் அதனை மீறியவிடத்து மட்டும் ஏதோ பொருந்தவில்லையென உணர்வர். இம்முறைமை பிறப்போடு வருவதோ, பழக்கத்தால் அமைவதோ என்னும் வினா ஏட்டுக் கல்விக்கு மட்டும் உரியதெனத் தோன்றலாம். ஆயின், 1930ஆம் ஆண்டுகளில் அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையோடு எண்ணிறந்த மக்களின் உரிமையும் உயிரும் பிணைந்திருந்தன.

அக்காலத்து ஜேர்மனியில் ஹான்ஸ் குந்தர் முதலானோர் 'இனவியல்' என்னும் பெயரால் நூல்கள் பல எழுதினர். மண்டையின் வடிவமும் மூக்கின் அமைப்பும் போலவே, ஒருவன் நிற்கும் நிலையும் நடையும் கையசைவும் அவனது குருதியின் வெளிப்பாடுகளே என்பது அவர்தம் கொள்கை. யூதர் பேசும்போது கைகளை ஆட்டுவதும், எதிரிலிருப்பவரை நெருங்கித் தொடுவதும் மாற்றவியலாத இனக்குணங்கள் என அவர்கள் சாதித்தனர். 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1935இல் இயற்றப்பட்ட நூரன்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. இனவியலார் எழுதியவை வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை.

இக்கொள்கையை நேர்நின்று சோதிக்க முற்பட்டோருள் தலையாயவர், நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியற் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ். இவர் ஜேர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். குடியேறியோரின் பிள்ளைகள் அமெரிக்காவிற் பிறந்து வளருங்கால் அவர்தம் தலையின் அளவே சிறிது வேறுபடுகின்றது என முன்னரே காட்டியவர். எலும்பே சூழலுக்கு இசையுமாயின் கையசைவு இசையாதோ? இவ்வினாவை ஆராயும் பணி, ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்திருந்த டேவிட் எப்ரோன் என்னும் மாணவரிடம் சேர்ந்தது.

எப்ரோன் தெரிந்துகொண்ட களம் நியூயோர்க் நகரமே. அந்நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் செறிந்து வாழ்ந்தனர். 'லிட்டில் இத்தாலி' எனப்பட்ட பகுதியில் தென் இத்தாலியர் வாழ்ந்தனர். இவ்விரு குழுவினரையும், இவர்தம் வழியில் வந்து அமெரிக்க வாழ்வோடு கலந்துவிட்டோரையும் அவர் ஒப்புநோக்கினார். நோக்கப்படுவோர் தாம் நோக்கப்படுவதை அறியாதிருத்தல் வேண்டும் என்பதில் அவர் கண்ணாயிருந்தார். அறிந்தவன் கை நடிக்கத் தொடங்கும் அன்றோ? ஸ்டைவசன்ட் வான் வீன் என்னும் ஓவியர் உடன் சென்று தெருக்காட்சிகளை உடனுக்குடன் வரைந்தார். அசையும் படச்சுருள்களும் எடுக்கப்பட்டன. பின்னர் அப்படங்களைக் கட்டமிட்ட தாளின்மீது வீழ்த்தி, மணிக்கட்டும் முழங்கையும் ஒவ்வொரு சட்டத்திலும் நின்ற இடங்களைப் புள்ளியிட்டு இணைத்தனர். காற்றிற் கரைந்துபோகும் ஓர் அசைவு இவ்வாறு தாளில் நிலைத்த கோடாயிற்று. இன்று கணிப்பொறி செய்வதை அன்று பென்சில் கொண்டு செய்த பொறுமை வியத்தற்குரியது.

அவர் கண்டவை சுவையானவை. பழைய வழக்கில் நின்ற யூதர் மேற்கையை விலாவோடு ஒட்டியவாறு வைத்து, முழங்கையிலிருந்து கையை இயக்கினர். மிக அணுகி நின்றனர். எதிரிலிருப்பவரின் மேற்சட்டை விளிம்பைப் பற்றியும் கையைப் பிடித்தும் பேசினர். மற்றவரின் கையையே பற்றி அதனாற் சைகை காட்டியவரும் உண்டு! அவர்தம் கை, சொல்லும் பொருளைச் சித்திரிப்பதன்று. சிந்தனை செல்லும் வழியை, அதன் வளைவு நெளிவுகளோடு, காற்றில் வரைவது. இத்தாலியரோ தோளிலிருந்து முழுக்கையையும் அகல வீசினர். இரு கைகளையும் ஒருசேர இயக்கினர். பிறரைத் தொடுவதைக் காட்டிலும் தம் உடலையே தொட்டுக் காட்டினர். பொருளின் வடிவைக் கையாற் காட்டுவதும், இன்ன சைகைக்கு இன்ன பொருள் என வகுத்த சைகைகளை வழங்குவதும் அவரிடையே மிகுதி.

இதுவரை கண்டவற்றை மட்டும் வைத்து நோக்கின் குந்தர் மகிழ்ந்திருப்பார்; இரு குழுவினரும் வேறுபட்டே நின்றனர். ஆயின், அமெரிக்க வாழ்வோடு கலந்த யூதரிடத்தும் இத்தாலியரிடத்தும் மேற்கூறிய இயல்புகள் பெரிதும் மறைந்துவிட்டன. அதனினும் பெரிது, இவ்விரு சாராரும் தம் முன்னோரை ஒத்திலர். தம்முள் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். குருதி மாறவில்லை, கை மாறிற்று. இம்முடிபுகளை எப்ரோன் 1941இல் 'சைகையும் சூழலும்' என்னும் நூலாக வெளியிட்டார்.

ஒரே உடலில் இரண்டு மூன்று சைகை வழக்குகள் குடியிருத்தலும் கூடும். 1934 முதல் 1945 வரை நியூயோர்க் நகர மேயராக விளங்கிய பியோரெல்லோ லா குவார்டியாவின் தந்தை இத்தாலியர், தாய் யூதர். அவர் ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் இத்திஷ் மொழியிலும் பேசவல்லவர். அவரது படங்களை ஒலியின்றிக் காட்டினும், அப்பண்பாடுகளை அறிந்தோர் அவர் பேசும் மொழி இன்னதெனக் கூறுவர் என்று றே பேர்ட்விசில் எழுதினார். உடலசைவு ஆராய்ச்சியைத் தனித்துறையாக வளர்த்தவர் இவரே.

போருக்குப் பின் இத்துறை விரிந்தது. எட்வேட் ஹோல் என்பார் 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர் தமக்கிடையே விடும் இடைவெளியை நான்காக வகுத்தார்: 18 அங்குலம் வரை நெருங்கியோர்க்கு, அதன்மேல் 4 அடி வரை நண்பர்க்கு, 12 அடி வரை அலுவற் பழக்கத்துக்கு, அதற்கப்பால் பொதுமேடைக்கு. பாடநூல்கள் பல இவ்வளவைகளை மனித குலம் முழுமைக்கும் உரியனபோல் எழுதிவிட்டன. ஹோல் அவ்வாறு கூறினாரல்லர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர நடுத்தர வகுப்பினர் சிலரிடத்துக் கண்டவை இவை என அவரே வரம்பிட்டிருந்தார்.

சிட்னி ஜூராட் என்னும் உளவியலாளரின் எண்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் காப்பிக் கடைகளில் அமர்ந்து, உரையாடும் இருவர் ஒரு மணிநேரத்தில் எத்தனை முறை தொட்டுக்கொள்கின்றனர் என எண்ணினார். போட்டோ ரிக்கோவின் சான் குவானில் 180, பாரிஸில் 110, புளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் 2, இலண்டனில் ஒன்றுமில்லை. படிப்போர் நெஞ்சை விட்டகலாத எண்களே இவை. எனினும் ஒரு கடையில் ஒருபொழுது எண்ணியதைக் கொண்டு, 'ஆங்கிலேயர் இயல்பிலேயே தொடாதவர்' என முடிபு செய்வோர், தாம் அறியாமலே குந்தரின் வழியில் அடிவைக்கின்றனர். எண்ணப்பட்டவர் யாவர், எவ்வயதினர், எவ்வளவு பழகியோர், எந்தத் தலைமுறையினர் என்பவற்றைக் கேட்டறிந்தமையே எப்ரோனின் சிறப்பு.

அண்மைக் காலத்தே இவ்வினாக்களுள் சில பரந்த அளவிற் கேட்கப்பட்டுள்ளன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு 42 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 9,000 பேரிடம் அவர்கள் விரும்பும் இடைவெளியைக் கேட்டது. நாட்டுக்கு நாடு வேற்றுமை தெளிவாகவே தெரிந்தது. ஆயினும் ஒரே நாட்டினுள்ளும் ஆண் பெண் வேறுபாடும் வயது வேறுபாடும் புறக்கணிக்கத்தக்கனவாக இல்லை. இது தாளிற் குறிக்கப்பட்ட விடையேயன்றித் தெருவில் நேரிற் கண்டதன்று என்பதும் கருதத்தக்கது.

பழக்கமே யாவும் என்று கூறுதலும் பொருந்தாது. அச்சம், வெகுளி, உவகை முதலியவற்றை முகம் காட்டும் முறை மக்கள் யாவர்க்கும் பொது என வாதித்தவர் போல் எக்மன். அவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அவர்தாமும் கைச்சைகையைப் பொறுத்தவரை எப்ரோனின் பாகுபாட்டையே தழுவினார். முப்பதாண்டுகள் பெரிதும் மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூல் 1972இல் எக்மனின் முன்னுரையோடு மீண்டும் அச்சேறியது. முதற் பதிப்பின் தலைப்பில் இல்லாத 'இனம்' என்னும் சொல் இப்பதிப்பின் தலைப்பில் இடம்பெற்றது: 'சைகை, இனம், பண்பாடு'.