நாயின் பெயர் என்ன?

ஜவ்வாது மலைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? பிள்ளைகளை ஒரு புதையல் வேட்டைக்குத் தயார் செய்யுங்கள்.

முதல் கேள்வியை மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்திலேயே கேட்டுவிடலாம். கல்வெட்டில் பெயர் பெற்ற நாய் எது? விடை எடுத்தனூர் நடுகல்லில் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிய கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டுபோனான். அவனுடைய நாய் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் இருந்தது. கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது! ஒரு நாய்க்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

மலையேறியதும் அடுத்த கேள்வி. யாரும் குடியிருக்காத கல்வீடு எது? கீழ்செப்பிளியில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள் அவை. ஊரார் சொல்லும் பெயரைப் பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நேரமிருந்தால் காவலூர் வானாய்வு நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் நாளை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எழுத்துத் தெரிய வேண்டுமென்று நடுகல்லில் சுண்ணாம்போ மாவோ பூசவே கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானே துலங்கும்.