செய்தித் தலைப்புகளில் எழுத்துப்பிழையும் இணையத் தேடலும்

முன்னுரை

அச்சு நாளிதழில் நேரும் எழுத்துப்பிழையை வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். இணையச் செய்தித் தலைப்பில் நேரும் பிழையோ, அச்செய்தி பிற்காலத்தில் ஒருவர் கைக்குக் கிட்டுமா என்பதையே பாதிக்கிறது. தலைப்பிலுள்ள சொற்களைத் தேடுபொறி அட்டவணைப்படுத்தி வைக்கிறது. நாம் தட்டச்சிடும் சொல்லை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டே விடை தருகிறது. ஆகவே, எழுத்துப்பிழையை மொழித்தூய்மை சார்ந்த குறையாக மட்டும் கருதாமல், ஆவணப் பாதுகாப்புச் சார்ந்த சிக்கலாகவும் அணுக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மயங்கொலிப் பிழைகள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அது பற்றிய தமிழ்ச் செய்திகளை ஆய்வாளர் ஒருவர் தேடுகிறார் எனக் கொள்வோம். அவர் 'வெள்ளம்' என்று தட்டச்சிடுவார். தலைப்பொன்றில் 'வெல்லம்' என்றிருப்பின், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் அச்செய்தி அவருக்குக் கிடைக்காது.

இப்பிழைக்கு இலக்கண அறியாமையே காரணம் எனக் கூறிவிட இயலாது. உரோமன் எழுத்துவழித் தட்டச்சு முறைகள் பலவற்றில் சிறிய 'எல்' லகரத்தையும் பெரிய 'எல்' ளகரத்தையும் தருகின்றன. விசையை மாற்றி அழுத்தத் தவறினால் வெள்ளம் வெல்லமாகிவிடும். 'வெல்லம்' அகராதியில் உள்ள சொல்லாதலால், சொற்களைத் தனித்தனியே சோதிக்கும் பிழைதிருத்தி அதனைச் சுட்டிக்காட்டாது. பணி–பனி, இறந்தார்–இரந்தார், மழை–மலை ஆகிய இணைகளும் இவ்வகையினவே.

ஒற்றும் இடைவெளியும்

'தமிழ்ப்பள்ளி', 'தமிழ்ப் பள்ளி', 'தமிழ் பள்ளி' ஆகிய மூன்று வடிவங்களையும் நம் நாட்டுச் செய்திகளில் காண்கிறோம். முதல் இரண்டும் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்குகள். மூன்றாவது ஒற்று விடுபட்ட பிழை. ஆயினும், இடைவெளியைக் கொண்டே சொல்லெல்லையை அறியும் கணினிக்கு முதலாவது ஒரே சொல். மற்றவை இவ்விரு சொற்கள். 'தமிழ்ப்', 'தமிழ்' என்பனவும் அதற்கு வெவ்வேறு சொற்களே. மூன்று வடிவங்களையும் தனித்தனியே தேடினாலன்றி முழுமையான பட்டியல் கிட்டுவது அரிது.

கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு

கண்ணால் படித்துத் திருத்த முடியாத பிழையும் உண்டு. 'மௌனம்' என்னும் சொல்லின் ஔகாரக் குறியை அதற்குரிய ஒருங்குறி எண்ணால் உள்ளிடலாம். சிலர் ஒற்றைக்கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டச்சிட்டு 'மெளனம்' என உருவாக்குகின்றனர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினி நினைவகத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். முற்கூறிய ஊர்ப்பெயரிலுள்ள 'ஸ்ரீ' என்பதற்கும் இந்நிலை உண்டு. 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின்னர், அதனை ஸகரம் கொண்டும் ஶகரம் கொண்டும் எழுத வழி ஏற்பட்டது. இவற்றை ஒன்றெனக் கொள்ளுமாறு நிரல் எழுதப்படாத தளத்தில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

தேடுபொறியின் திருத்தமும் அதன் எல்லையும்

பெரிய தேடுபொறிகள் பல பிழைகளைத் தாமே திருத்திக்கொள்கின்றன என்பது உண்மையே. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டேமராவ், எழுத்துப்பிழைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நான்கு வகைக்குள் அடங்கும் என 1964இல் எடுத்துக்காட்டினார். ஓரெழுத்து மாறுதல், விடுபடுதல், மிகுதல், அடுத்தடுத்த ஈரெழுத்துகள் இடம்மாறுதல் என்பன அவை. ஆங்கிலத்தை மையமாகக் கொண்ட இவ்வணுகுமுறையில் 'வெல்லம்' ஒரு பிழையன்று. இரு எழுத்துகள் மாறிய இரு பிழைகளாகும்.

மேலும், இன்றைய தேடுபொறிகள் பயனர் தட்டச்சிடுவனவற்றிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் கற்கின்றன. ட், ற் ஆகிய மெய்களை அடுத்து வேறொரு மெய் வாராது என்பது இலக்கணம். எனினும் 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' போன்ற வடிவங்கள் தலைப்புகளில் பெருகினால், பெரும்பான்மை வழக்கைக் கொண்டு பரிந்துரைக்கும் பொறி அவற்றையே மாணவருக்கு முன்வைக்கக்கூடும். பிழை திருத்த வேண்டிய கருவியே பிழையைக் கற்பிக்கும் நிலை அதனால் உருவாகும்.

முடிவுரை

வலிமிகும் இடங்களையும் மயங்கொலி வேறுபாட்டையும் தேர்வுக்குரிய பாடமாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். ஒரே பொருளை இரு வடிவங்களில் தேடச் செய்து, கிடைக்கும் செய்திப் பட்டியல்களை மாணவர்களையே ஒப்பிடச் சொல்வது பயனளிக்கும். ஓர் ஒற்று விடுபட்டதால் எந்தெந்தச் செய்திகள் மறைந்துபோயின என்பதை அவர்கள் நேரில் காண்பர். செய்தித்தளங்களும் தலைப்பை வெளியிடுமுன் சரிபார்த்தல் இன்றியமையாதது. பின்னர் திருத்தினாலும், பகிரப்பட்ட படிகளில் பழைய பிழை தங்கிவிடும். ஜொகூர், ஜோகூர் என வழங்கும் இடப்பெயர்களுக்கு ஒவ்வொரு தளமும் ஒரு வடிவத்தை வரையறுத்துக்கொள்வதும் நன்று.

இந்நாட்டுத் தமிழர் வாழ்வைப் பற்றிய அன்றாடச் செய்திகளுள் பல இன்று இணையத்தில் மட்டுமே வெளிவருகின்றன. வருங்கால ஆய்வாளர் அவற்றைத் தலைப்பின் வழியே தேடுவார். அத்தலைப்பைப் பிழையின்றி எழுதும் தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு.