பாலுக்குள் ஒரு காவல்காரன்!



பால் பொங்கினால் மங்கலம், திரிந்தால் நஷ்டம். இது மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் வீட்டில் நான்கு மாடுகள். டவுனில் உள்ள ஒரு ஓட்டலுக்கு அம்மா வாரம் இரண்டு முறை பனீர் போட்டுக் கொடுப்பார். என் பரீட்சைப் பணம் அதில்தான் வருகிறது.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் ஒரு நாள், கொடுத்த ஆறு கிலோ பனீரும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மேலே பிசுபிசுவென்று வழவழப்பு, ஒரு மாதிரி வாடை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் பால் வாங்க வரும் ஒருவர் சின்ன பாட்டில் ஒன்றைத் திண்ணையில் வைத்தார். "அக்கா, இதுல ரெண்டு சொட்டு பால்ல விட்டாப் போதும். ஒரு வாரத்துக்கு அசையாது."

பாட்டிலில் லேபிள் இல்லை. மூடியைத் திறந்ததும் மூக்கு எரிந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் லேபில் பால் மாதிரிகளை வைக்கும் அலமாரியின் அதே நெடி. ஃபார்மலின்! சோதனைக்கு எடுக்கும் மாதிரி கெடாமல் இருக்க மட்டுமே அதைச் சேர்ப்பார்கள். அந்த மாதிரியை யாரும் குடிக்கக் கூடாது. அது விஷம்.

"ஏஞ் சாமி, நீ படிக்கிற புள்ளதானே, இத ஊத்தலாமா?" என்று அம்மா கேட்டார். "கூடவே கூடாதும்மா" என்றேன். "அப்ப வேற என்ன பண்றது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷம் படித்தும் பதில் இல்லையே என்று வெட்கமாக இருந்தது. பிறகு தேடிக் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை.

பாட்டி போட்ட மூன்று பூட்டு

பாக்டீரியா வளர நாலு விஷயம் வேண்டும். தண்ணீர், உணவு, தகுந்த வெப்பம், அதிகப் புளிப்பில்லாத சூழ்நிலை. பாலில் நாலும் இருக்கிறது. நம் பாட்டிமார் லேபுக்குப் போகாமலே இதைப் புரிந்து வைத்திருந்தார்கள்.

தயிர், புளிப்புப் பூட்டு. உறை மோரில் உள்ள நல்ல பாக்டீரியா பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது. பி.எச். 4.5 வாக்கில் இறங்கியதும் பெரும்பாலான கெட்ட பாக்டீரியாவுக்கு அங்கே பிழைப்பு இல்லை. பால்கோவா, சர்க்கரைப் பூட்டு. சுண்டக் காய்ச்சித் தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தைச் சர்க்கரை கட்டிப்போடுகிறது. நெய், ஈரமில்லாப் பூட்டு. தண்ணீரே இல்லாத இடத்தில் பாக்டீரியா என்ன செய்யும்? வெண்ணெய் உருக்கும்போது போடும் முருங்கைக் கீரை, நெய் சீக்கிரம் காறிப்போகாமல் தடுக்க.

இப்போது பனீரைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஈரம். தயிர் அளவு புளிப்பு இல்லை. சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. மூன்று பூட்டும் இல்லாத வீடு!

ஃபிரிட்ஜை நம்பலாமா?

"ஃபிரிட்ஜில வச்சா சரியாப் போச்சு" என்பீர்கள். அங்கேதான் ஒரு வில்லன் காத்திருக்கிறான். பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மற்ற கிருமிகள் குளிரில் முடங்கும்போது, இவன் ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாகப் பெருகுவான். 1985ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மெக்சிகோ பாணி மென் சீஸ் சாப்பிட்டதால் 142 பேருக்கு இந்நோய் கண்டது. கருவிலும் பிறந்த சில நாட்களிலும் மாண்ட 30 சிசுக்களைச் சேர்த்து 48 உயிர்கள் போயின. கர்ப்பிணிகளைத்தான் இது அதிகம் தாக்கும். காய்ச்சாத பால் சீஸில் கலந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி நேரம் பாஸ்டரைஸ் செய்தால் லிஸ்டீரியா செத்துவிடும். ஆபத்து, காய்ச்சிய பிறகு வந்து ஒட்டிக்கொள்வதில்தான்.

நைசின் என்னும் காவல்காரன்

பாலைப் புளிக்க வைக்கும் சில பாக்டீரியா தன் இனத்து மற்றவற்றை வளர விடுவதில்லை என்பதை 1928லேயே கவனித்தார்கள். 1947ல் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் என்ற இருவர் அந்தப் பொருளுக்கு நைசின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். பாலில் இயல்பாகவே வாழும் சாது! நைசின் 34 அமினோ அமிலம் கோத்த சின்ன மாலை. புரதம் என்பதால் நம் குடலிலேயே ஜீரணமாகிவிடும்.

வேலை செய்யும் விதத்தைச் சிவில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பாக்டீரியா தன் சுவரைக் கட்டச் செங்கல் சுமக்கும் ஒரு சித்தாள் உண்டு, லிப்பிட் 2 என்று பெயர். நைசின் அந்தச் சித்தாளைப் பிடித்துக்கொள்ளும். சுவர் வேலை நின்றது. பிடித்த இடத்திலேயே உள் சவ்வில் ஓட்டையும் போடும். உள்ளே இருப்பது வெளியே கசிய, ஆள் காலி! கொதியிலும் சாகாத கிளாஸ்டிரிடியம் வித்துகள் முளைப்பதையும் இது தடுக்கும். 1969ல் உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் நிபுணர் குழு இதை ஏற்றது. 1988ல் அமெரிக்காவும் சீஸ் ஸ்பிரெட்டில் அனுமதித்தது. கோடெக்ஸ் விதிப்படி சீஸில் கிலோவுக்கு 12.5 மில்லிகிராம்தான் உச்ச அளவு.

பாலிலேயே இன்னொரு காவல்காரனும் உண்டு. லாக்டோபெராக்சிடேஸ் என்ற என்சைம். ஐஸ் வசதி இல்லாத ஊர்களில் இதைத் தட்டி எழுப்ப, 1991ல் கோடெக்ஸ் வழிமுறை தந்தது. லிட்டருக்கு 14 மில்லிகிராம் சோடியம் தயோசயனேட், 30 மில்லிகிராம் சோடியம் பெர்கார்பனேட். 30 டிகிரி வெயிலிலும் கறந்த பால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். பயிற்சி பெற்றவர்கள் சேகரிப்பு நிலையத்தில் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டில் அளந்து பார்ப்பதற்கல்ல.

என் கிராம்புப் பரிசோதனை

இதையெல்லாம் படித்ததும் தலைகால் புரியவில்லை. இயற்கைதானே, கிராம்பு போதும் என்று புராஜெக்டில் இறங்கினேன். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் பாக்டீரியாவைத் தடுக்கும். லேப் தட்டில் அழகாக ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. ஒரே சந்தோஷம்! பனீரில் போட்டால்... ஒன்றும் நடக்கவில்லை. பாலின் கொழுப்பு யூஜினாலை இழுத்து வைத்துக்கொண்டு பாக்டீரியா பக்கம் போக விடவில்லை. அளவைக் கூட்டினேன். பனீர் கெடவில்லைதான், ஆனால் வாயில் வைத்த தோழி சொன்னாள், "ஏண்டி, பல்வலி மருந்த எதுக்குடி திங்கக் குடுத்த?"

சரி, நைசின் வாங்கிப் போட்டால்? மேடத்திடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "உங்க வீட்டுப் பனீரைக் கெடுத்தது யாருன்னு பார்த்தியா?"

பார்த்தேன். கிராம் சாயம் போட்டதும் மைக்ராஸ்கோப்பில் சிவப்பு நிறக் குச்சிகள். கிராம் நெகட்டிவ்! தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் வகையாக இருக்கலாம் என்றார். இந்த வகைக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்வை மாதிரி இருக்கும். நைசின் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. காவல்காரனை வைத்தும் திருடன் வேறு வாசலில் வந்திருப்பான்!

கிணற்றடியில் கிடைத்த விடை

எந்த வாசல்? பாலை நன்றாகக் காய்ச்சித்தான் அம்மா திரிக்கிறார். கிருமி அங்கே செத்துவிடும். பிறகு பனீர் கட்டியைக் குளிர வைக்க, கிணற்றுத் தண்ணீர் வாளியில் போடுவார். விடை அந்த வாளியில்தான் இருந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் குளிர வைத்துப் பயன்படுத்தினோம். வடிகட்டும் துணியைத் தினமும் வேகவைத்தோம். பனீரைக் கையால் தொடவில்லை. விறகுச் செலவும் வேலையும் கூடத்தான் செய்தது. ஆனால் நாலாம் நாள் எடுத்துப் பார்த்தால் வழவழப்பு இல்லை, வாடை இல்லை. ஒரு மாதம் கழித்து ஓட்டல்காரர் மறுபடி வாங்க ஆரம்பித்தார்.

அந்த பாட்டிலை அம்மாவே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "எம் புள்ள திங்கிறதத்தான் ஊரு புள்ளைக்கும் குடுப்பேன். நீங்களே வச்சுக்குங்க தம்பி."

நண்பர்களே! இயற்கைப் பாதுகாப்புப் பொருள் நல்ல காவல்காரன்தான். ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு காவல்காரனைக் குறை சொல்லக் கூடாது. முதலில் சுத்தம், அடுத்து சூடு, பிறகு குளிர், கடைசியில்தான் நைசின். எந்தத் தொழிலுக்கு நாம் போனாலும் ஒரு நாள் நம் திண்ணையிலும் யாராவது சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பார்கள். "கூடாது" என்று சொல்லப் படிப்பு வேண்டும். "வேறு வழி இது" என்று காட்ட, இன்னும் கொஞ்சம் படிப்பு வேண்டும். படிப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
உணவுப் பதனிடும் தொழில்நுட்பப் பிரிவு