மாடியில் பசுமைக்குடில்: பணத்தை எங்கே போடுவது?

சித்திரை வெயிலில் தக்காளிப் பூக்கள் உதிர்ந்து, கொத்தமல்லி முளைத்த கையோடு கருகும்போது, மாடித்தோட்டம் போட்டவர்களுக்கெல்லாம் பசுமைக்குடில் ஆசை வரும். நியாயமான ஆசைதான். ஆனால், குடில் நம் ஊரில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

கண்ணாடிக் குடில் குளிர்நாடுகளின் தேவைக்காக வளர்ந்த தொழில்நுட்பம். வெயில் உள்ளே நுழைந்து தரையைச் சூடாக்கும்; தரை காற்றைச் சூடாக்கும்; அந்தக் காற்று வெளியேற வழி இருக்காது. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டிலும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவுக்கு உயர்ந்தது. காற்றை அடைத்து வைப்பதுதான் குடிலின் சூட்டுக்கு முக்கியக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

உறைபனி விழும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இந்தச் சூடு வரம். மதுரையிலோ சென்னையிலோ மொட்டைமாடியில் பாலித்தீன் குடில் போட்டால், சொந்தச் செலவில் அடுப்பு கட்டியது போலாகும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து காய்பிடிப்பு குறையும். பிறகு அந்தச் சூட்டைத் தணிக்க மின்விசிறிக்கும் மின்கட்டணத்துக்கும் அழ வேண்டும். சமவெளிக்கு ஏற்றது நாலாபுறமும் காற்று புகும் நிழல்வலைக்குடில்தான்.

அடுத்தது பரப்பளவு. எல்லாச் செடிக்கும் நிழல் தேவையில்லை. கொத்தமல்லி, புதினா, பாலக்கீரை, நாற்றுத்தட்டு ஆகியவற்றுக்குக் கோடையில் நிழல் வேண்டும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் சோளத்தைப் போல சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. நல்ல வெயிலில்தான் செழிக்கும். வெண்டைக்கும் கத்தரிக்கும் வெயில் வேண்டும். மாடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூரை போட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

சதுர மீட்டர் விலையை வைத்துக் கணக்குப் போடும்போது எச்சரிக்கை தேவை. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டுதல், குழாய்ச் சட்ட நிழல்வலைக்குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 710 ரூபாய் என்று மதிப்பிட்டது. அது வயல் அளவுக்கான கணக்கு. 30 மீட்டருக்கு 30 மீட்டர் குடிலில் 900 சதுர மீட்டருக்குச் சுற்றளவு 120 மீட்டர். 3க்கு 3 குடிலில் 9 சதுர மீட்டருக்கே சுற்றளவு 12 மீட்டர். அதாவது, சதுர மீட்டருக்கு விழும் ஓரக் குழாய் பத்து மடங்கு. விலைவாசி உயர்வைச் சேர்க்காமலே சிறு குடில் விகிதத்தில் செலவு கூடியது.

வலையில் 50 சதவீத நிழல் தருவது வீட்டுக் காய்கறிக்குப் போதும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி பதப்படுத்திய வலையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அந்தக் கதிர் அறுத்துவிடும். வலை நொறுங்கிப் பொடியாகும். 1,000 ரூபாய் வலை ஓராண்டும், 2,000 ரூபாய் வலை நான்காண்டும் உழைத்தால் எது மலிவு என்று சொல்லவே வேண்டாம்.

பலர் கோட்டை விடும் இடம் காற்று. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகப் புயல்காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 9 சதுர மீட்டர் பாலித்தீன் கூரை என்றால் ஏறத்தாழ 500 கிலோ. குழாயை நட்டு கான்கிரீட் நிரப்பிய 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று 48 கிலோ; நான்கு மூலைக்கும் சேர்த்து 200 கிலோகூட வராது. வலை காற்றை ஊடுருவ விடுவதால் சுமை குறையும், ஆனாலும் போதாது. எனவே ஐப்பசி பிறந்ததும் சுருட்டி எடுக்கும்படி வலையைக் கயிறும் கொக்கியும் கொண்டு கட்டுங்கள். மழைக்காலத்தில் செடிக்கும் வெளிச்சம் கிடைக்கும். பிடிமானத்துக்காகத் தளத்தில் துளை மட்டும் போடாதீர்கள். தட்டோட்டுக்கு அடியில் நீர் இறங்கினால் ஒழுக்கைச் சரிசெய்யும் செலவு குடிலின் விலையையே தாண்டிவிடும்.

எடையையும் பாருங்கள். ஆட்கள் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரக்கட்டளை குறிக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈரமண்ணை அரையடி உயரத்துக்குப் பரப்பினாலே 240 கிலோ ஆகிவிடும். தென்னைநார்க் கழிவு கலந்த பைகளை இடைவெளி விட்டு, உத்தரத்தையும் சுவரையும் ஒட்டி வையுங்கள்.

கையில் இருக்கும் தொகையில் பாதியைச் சட்டத்துக்கும் பிடிமானத்துக்கும், கால்வாசியை வலைக்கும், மீதியைச் சொட்டுநீர்க் குழாய்க்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்குவது என் பரிந்துரை. வீடு பழையது என்றால், முதல் செலவு கட்டடப் பொறியாளரின் கட்டணமாக இருக்கட்டும்.